அளவு ஜாக்கெட்

டாக்டருக்குப் படிக்கிற பெண் கையைக் கழுவுகிறாள். என்னைத் தொடுவதற்கு முன்னால் கழுவியபோது மனதுக்குள் நான்கு எண்ணினேன். இப்போது பதினொன்று ஆகிவிட்டது, இன்னும் குழாயை மூடவில்லை. எந்த நோயாளியாக இருந்தாலும் முன்னும் கழுவ வேண்டும் பின்னும் கழுவ வேண்டும், இதுதான் முறை, நீங்கள் தப்பாக நினைக்கக்கூடாது என்று டாக்டரம்மா காலையிலேயே சொல்லிவிட்டார்கள். இருக்கட்டும். முறை என்றால் இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டாமா? இருபத்தாறு வருடமாக ஜாக்கெட் தைக்கிறவள் நான். இடது கையைவிட வலது கை கால் இஞ்ச் கூடினால் டேப் இல்லாமலே என் கண் சொல்லிவிடும். பதினான்கு. மூடிவிட்டாள். திரும்பிச் சிரிக்கிறாள். "ரொம்ப நன்றிங்கம்மா" என்று கும்பிடுகிறாள், அதுவும் சொல்லிக் கொடுத்ததுதான். மணி அடிக்கிறது, போகிறாள். நான் மடியில் இருக்கிற தாளை எடுக்கிறேன். பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டாரா, முகத்தைப் பார்த்துப் பேசினாரா, தொடுவதற்கு அனுமதி கேட்டாரா, தயக்கமின்றித் தொட்டாரா, இவரிடம் மறுபடியும் வைத்தியத்துக்கு வருவீர்களா. ஐந்து கேள்வி, ஐந்து கட்டம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள். ஐந்திலும் டிக் போட்டேன். போடாமல் என்ன செய்ய, எல்லாம் செய்தாள்தானே. ஆனால் எதைப் பார்த்து டிக் போடுகிறேன், அவளையா, அவளுக்கு யாரோ எழுதிக் கொடுத்த நாடகத்தையா?

இந்த ஊர் மருத்துவக் கல்லூரியில் தோல் பிரிவுக்கு நான் இரண்டு வருடமாக வருகிறேன். சொரியாசிஸ் என்று அட்டையில் எழுதியிருக்கிறார்கள், சித்த வைத்தியர் காளாஞ்சகப் படை என்றார், எங்கள் தெருவில் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், அதை நான் வாயால் சொல்ல மாட்டேன். முழங்கை, புறங்கை, காதோரம், கெண்டைக்கால். சிவப்பாகத் தடித்து மேலே வெள்ளையாகச் செதில். போன வாரம் மருந்து வாங்க வந்தபோது டாக்டர் ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அம்சவேணி, நீங்க எங்களுக்கு ஒரு ஒத்தாசை செய்யணும்" என்றார்கள். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாலே கெட்ட சேதி என்றுதான் எனக்குத் தோன்றும். கடைசி வருடப் பிள்ளைகள் புத்தகத்தில் நோயைப் படித்துவிடுகிறார்களாம், ஆளைப் பார்க்கத் தெரியவில்லையாம், தோல் வியாதிக்காரர்களை டாக்டர்களே தள்ளி நின்று பார்த்தால் ஊர் எப்படிக் கிட்டே வரும், அதனால் இந்த வருடம் முதல் நோயாளியே மார்க் போடப் போகிறார்கள், நீங்கள் வாங்க என்று. ஏன் நான்? வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்களே. இருக்கிறதிலேயே பார்க்கச் சகிக்காதவள் யார் என்று பார்த்திருப்பார்களோ? வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிற ஆள் இல்லை நான். காலையில் டீ கொடுத்தார்கள், பேப்பர் கப்பில். எனக்கு மட்டுமா என்று எட்டிப் பார்த்தேன். டாக்டரம்மா கையிலும் பேப்பர் கப்தான். அதற்குப் பிறகும் அந்த டீ இறங்கவில்லை. டீயில் குற்றமில்லை. விடிந்ததிலிருந்து என் நினைப்பெல்லாம் வேறொன்றில் இருந்தது.

அந்த ஜாக்கெட். காலையில் கடைக்கதவைத் திறந்தபோது தையல் மெஷின் மேல் நாலாய் மடித்து வைத்திருந்தது, பழைய மெரூன் கலர் ஜாக்கெட், அதன் மேல் நிச்சயத்துக்கு எடுத்த மயில்கழுத்துப் பட்டுத் துணி. வீட்டின் முன்னறைதான் என் கடை, வைத்தது யார் என்று தேட வேண்டியதில்லை. ரஞ்சனி. என் மகள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டிலிருந்து நிச்சயத்துக்குப் பூ வைக்க வருகிறார்கள், அதற்குத் தைக்கிற ஜாக்கெட்டுக்கு என் மகள் எனக்கு அளவு ஜாக்கெட் வைத்திருக்கிறாள். தையல்காரி இல்லாதவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கல்லவா தெரியும். முன்பெல்லாம் பெண்கள் வந்து கையை விரித்து நிற்பார்கள், நான் டேப்பைச் சுற்றுவேன், அவர்கள் மாமியார் கதையெல்லாம் அந்த நேரத்தில்தான் வரும். என் கையில் இது வந்த பிறகு முதலில் கனகா டீச்சர், "நேரமில்லக்கா, அளவு ஜாக்கெட் தந்துர்றேன், இத வச்சே தச்சிருங்க" என்றாள். அப்புறம் எதிர்வீட்டுக்காரி. அப்புறம் எல்லாருமே. எல்லாருக்கும் ஒரே சமயத்தில் நேரமில்லாமல் போய்விட்டது! வாய் திறந்து யாரும் ஒன்றும் சொன்னதில்லை, பிளாஸ்டிக் பையில் போட்டு மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள், நான் கை நீட்டுவதற்குள் வைத்துவிடுவார்கள். ஊரார் வைத்தால் வைக்கட்டும். வயசுக்கு வந்த நாளிலிருந்து நான் அளந்து நான் தைத்து உடுத்தின பெண் வைக்கலாமா? போன தீபாவளிக்கு வந்து நின்றாள்தான். ஆனால் ஒரு அடி தள்ளி நின்றாள். சங்கடப்படுகிறாள் என்று புரிந்துகொண்டு, பழைய அளவே போதும்மா என்று நானே டேப்பைச் சுருட்டி அவளை விட்டுவிட்டேன். இந்தத் தடவை நிற்கக்கூட வரவில்லை. கேட்டிருக்கலாம். அடுப்படியில்தான் இருந்தாள், தோசை சுடுகிற சத்தம் கேட்டது. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டால்? மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நீ உள்ளேயே இரு என்பாளோ, முந்தானையால் கையைப் போர்த்திக்கொள் என்பாளோ? சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டேன்.

மணி. அடுத்தவன். "வணக்கம்மா, என் பேரு நிஷாந்த்." கழுவுகிறான், ஐந்து. கழுவிவிட்டு மேசையில் இருந்த பெட்டியிலிருந்து கையுறையை உருவுகிறான், மூலையில் நின்று மார்க் எழுதுகிற சின்ன டாக்டர் தொண்டையைச் செருமுகிறார். "நிஷாந்த், இது தொத்துமா?" "தொத்தாது சார்." "அப்ப கிளவுஸ் எதுக்கு?" காது சிவந்து கையுறையைக் கழற்றுகிறான். பாவமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி, ஒருத்தனாவது உண்மையைக் காட்டினானே. ஒற்றை விரலை நீட்டி முழங்கையில் வைக்கிறான், தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி. "எத்தனை வருஷமா இருக்குங்க? அரிப்பு உண்டா? மூட்டு வலி? குடும்பத்துல வேற யாருக்காவது?" எதற்குக் குடும்பத்தை இழுக்கிறான். ரஞ்சனிக்கு வந்துவிடுமா என்று எத்தனை ராத்திரி யோசித்திருப்பேன், வந்துவிடும் என்று இல்லை, வரலாம் என்றுதான் டாக்டரம்மா சொன்னார்கள், அந்த வரலாம் என்கிற வார்த்தையை நான் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லவில்லை. "யாருக்கும் இல்ல தம்பி." "இது எப்பம்மா ஆரம்பிச்சது?" என் வீட்டுக்காரர் போய், முப்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகு. பந்தலுக்கு இரவல் வாங்கின பாய் எல்லாம் திரும்பிப் போன மறுநாள் முழங்கையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு. "ரெண்டரை வருஷம் இருக்கும்" என்றேன். எழுதிக்கொண்டான். இப்போது பின்னால் கழுவுகிறான். ஆறு, ஏழு, சோப்பைத் திரும்பப் போடுகிறான், பதினாறு, பதினேழு. நாலாவது கட்டத்தில் டிக் போடாமல் விட்டேன். விட்ட பிறகு அவன் காது சிவந்தது ஞாபகம் வந்தது. போகட்டும், படிக்கட்டும்.

தயக்கமின்றி. அது யாருக்குத் தெரியும்? ஒருத்தர் உள்ளே தயங்கினாரா இல்லையா என்று கட்டத்தில் எப்படிப் போடுவது? எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வருகிறதா, தெரியும். கோயிலில் விபூதி மேலேயிருந்து விழுகிறதா, தெரியும். கறுப்புத் துணி தைக்கக் கொடுத்தால் செதில் உதிர்ந்து பஞ்சு மாதிரி ஒட்டும், மூன்று தடவை உதறி வெயிலில் போட்டு அயர்ன் பண்ணிக் கொடுப்பேன், அப்படியும் ஒருத்தி வாங்கும்போது லேசாக உதறுவாள், அதையும் பார்த்துவிடுவேன். அவர்கள் உதறுவதற்கு முன்னால் நாமே தள்ளிக்கொண்டால் வலிக்காது. வீட்டில் எனக்குத் தனி சோப்பு, தனித் துண்டு, தனித் தலையணை, சுவரோரம் தனிப் பாய். ரஞ்சனி ஒன்றும் கேட்கவில்லை, நானாகத்தான் பிரித்து வைத்தேன். "எதுக்கும்மா இதெல்லாம்" என்று ஒரு தடவை கேட்டாள். ஒரே ஒரு தடவை. மனசார வேண்டாம் என்று நினைக்கிறவள் ஒரு தடவையோடு நிறுத்துவாளா? சும்மா மரியாதைக்குக் கேட்ட கேள்வி என்று அப்போதே கணக்குப் போட்டுவிட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவளே ஒரு நாள் என்னைச் சொன்னாள், கனகா டீச்சர் பற்றிப் பேசும்போது. அரண்டது தெரிகிறது, எது அரட்டியது என்று கேட்கமாட்டார்கள்.

மூன்றாவது வந்தவள் பேச்சில் தேன் ஒழுகுகிறது. "எங்கம்மா மாதிரியே இருக்கீங்க" என்கிறாள் உட்காரும்போதே. உங்கம்மாவுக்கும் காதோரம் செதில் உதிருமா என்று கேட்க நாக்கு வரை வந்தது. அனுமதி கேட்டாள், இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள், பிடித்தவள் விடவே இல்லை, கேள்வி கேட்கும்போதும் தடவிக்கொண்டே இருக்கிறாள். ஒற்றை விரல்காரன் எவ்வளவோ மேல். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்களை நிறையப் பார்த்தாயிற்று. மூலையில் இருக்கிற சின்ன டாக்டர் பக்கம் அவள் கண் ஓடுகிறது, பார்க்கிறாரா என்று. அவர் பார்க்காவிட்டால் இந்தக் கை எவ்வளவு நேரம் என் கை மேல் இருக்கும்? ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த உள்ளங்கை சூடாக இருந்தது. இரண்டரை வருடத்தில் என் புறங்கை மேல் இன்னொரு மனுஷி உள்ளங்கை இவ்வளவு நேரம் இருந்ததில்லை. பொய்யாகவே இருந்தாலும் சூடு சூடுதான், கண் கரித்துக்கொண்டு வந்தது, எனக்கு என் மேலேயே கோபம். ஐந்துக்கும் டிக் போட்டேன்.

நாலாவது பையன் வாசலிலேயே ஒரு நொடி நின்றுவிட்டு வருகிறான். ஒல்லி. சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான், மேலே வெள்ளைக் கோட். எதையோ மறைக்கிறான். முழுக்கை போடுகிறவர்களை எனக்குத் தெரியாதா, நானே ஒன்பது முழுக்கை ஜாக்கெட் தைத்து வைத்திருக்கிறேன், இன்றைக்கும் அதில் ஒன்றைத்தான் முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். "வணக்கங்கம்மா. எபினேசர். கடைசி வருஷம் படிக்கேன்." தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. கை கழுவப் போகிறான், கழுவ வேண்டுமென்றால் சட்டைக் கையைச் சுருட்டித்தானே ஆகவேண்டும், சுருட்டுகிறான், சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சுருட்டுகிறான். நான் எண்ண மறந்துவிட்டேன். திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தான். "அம்மா, என் கை கொஞ்சம் ஜில்லுனு இருக்கும், இப்பதான் கழுவுனேன். தொட்டுப் பாக்கட்டுமா?" மற்ற மூன்று பேரும் கேட்ட அதே கேள்விதான், ஆனால் ஜில்லென்று இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அது தாளில் இல்லாத வார்த்தை. நான் கையை நீட்டினேன். அவன் கை வந்தது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை வெள்ளை. கறுத்த பையன், கை மட்டும் பால் நிறம், ஓரமெல்லாம் வரைபடம் மாதிரி வளைந்து வளைந்து.

என் கை பின்னால் வந்துவிட்டது.

நான் இழுக்கவில்லை. சத்தியமாக நான் இழுக்கவில்லை, அதுவாக வந்தது, மடிக்குள் போய் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. வெண்புள்ளி. வெளியே வராந்தாவில் அதைப் பற்றி எழுதி ஒட்டியிருக்கிறார்கள், தொற்றாது, தொட்டால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது, மருந்து வாங்க வரிசையில் நிற்கும்போதெல்லாம் படித்திருக்கிறேன், எனக்கு மனப்பாடம். மனப்பாடம் எனக்குத்தான், கைக்கு இல்லை போலிருக்கிறது. என்ன நினைத்தேன் அந்த நொடியில்? ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். அதையேதான் நினைத்தேன். ஏற்கெனவே இருக்கிறது போதாதா என்றும் நினைத்தேன். இரண்டரை வருடமாக ஊரார் கண்ணிலும் கையிலும் தேடித் தேடிப் பிடித்தது எதுவோ, அது என் கையிலேயே இருக்கிறது. மூலையில் சின்ன டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அந்தப் பையன் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம். பார்த்தேன். அவன் அதிர்ச்சி அடைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பழகிப்போன முகம். இது வரும் என்று தெரிந்து வாசலிலேயே ஒரு நொடி நின்றவன் அல்லவா. "பரவால்லம்மா" என்றான். "கிளவுஸ் போட்டுக்கிடட்டுமா? ஒங்களுக்கு அது சௌகரியம்னா." எனக்காக. கேட்கும்போதே எழுந்து பெட்டிப் பக்கம் போகிறான். அதைப் போட்டால் மார்க் போய்விடும் என்று தெரியாதா அவனுக்கு, தெரியும், தெரிந்தேதான் போகிறான். முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தையல்காரி கண்ணுக்குக் கோட் தோள்பட்டையில் அரை இஞ்ச் பெரிசு என்று தெரிகிறது, இப்போது போய் இதுவா தெரிய வேண்டும்.

"தம்பி. வேண்டாம்யா. வா." என்று கூப்பிட்டேன். "எனக்குத் தெரியும்யா, தொத்தாதுன்னு தெரியும். கை முந்திருச்சு. மனசுல வச்சுக்காத." முந்தானையிலிருந்து கையை எடுத்து மேசை மேல் வைத்தேன். அவன் உட்கார்ந்தான், ஆனால் தொடவில்லை, என் முகத்தையே பார்க்கிறான், நம்பலாமா என்று பார்க்கிறான். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும், கண்ணாடியில் தினம் பார்க்கிற பார்வை. இவள் மனசார வைத்தாளா, வெட்கத்துக்கு வைத்தாளா? எப்படிச் சொல்வது அவனுக்கு, எனக்கே தெரியாதே. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளேன் அய்யா. முதலில் இழுத்ததும் இந்தக் கைதான், இப்போது வைத்ததும் இந்தக் கைதான். அவன் வரவில்லை என்றதும் நானே எட்டி அவன் விரல்களைப் பிடித்தேன். ஜில்லென்றுதான் இருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை, ஒரு பையனின் கை, அவ்வளவுதான்.  பிறகு அவன் நகம் பார்த்தான், முழங்கை பார்த்தான், "எண்ணெய் தேய்ச்சிட்டு மருந்து போடுதீங்களா, மருந்து போட்டுட்டு எண்ணெயா?" என்று கேட்டான், யாரும் கேட்காத கேள்வி. நான்தான் இரண்டு வருடமாகத் தப்பாகப் போட்டுக்கொண்டிருக்கிறேனாம். "நீ ஏன்யா வெயில்ல முழுக்கை போடுற?" என்று கேட்டுவிட்டேன். சிரித்தான். "நீங்க ஏம்மா போடுதீங்க?" மணி அடித்தது. எழுந்து போய்விட்டான். வாசல் தாண்டின பிறகு சின்ன டாக்டர் முணுமுணுத்தார், "பின்னால கை கழுவ மறந்துட்டான். ஒரு மார்க் போச்சு."

தாள் மடியில் கிடக்கிறது. ஐந்து கட்டம். தயக்கமின்றித் தொட்டாரா. தயங்கினது யார் என்று கேட்க இதில் கட்டமில்லை, அவன் எனக்குப் போட வேண்டிய மார்க்குக்கு இடமே விடவில்லை டாக்டரம்மா. ஐந்திலும் டிக் போட்டேன். போட்டதும் அதைப் பார்த்து அவன் இரக்கத்துக்குப் போட்டாள் என்று நினைப்பானோ என்று தோன்றியது. நினைத்தால் நினைக்கட்டும், என்னால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. பிறகு நிஷாந்தின் தாளைத் தேடி எடுத்து அந்த நாலாவது கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒற்றை விரலானாலும் கையுறையைக் கழற்றிவிட்டு நீட்டினான். டிக் போட்டேன். இன்னும் நாலு பிள்ளைகள் வந்தார்கள், போனார்கள், யார் எத்தனை நொடி கழுவினார்கள் என்று எனக்குத் தெரியாது.

மத்தியானம் வராந்தாவில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு ரஞ்சனிக்குப் போன் போட்டேன். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்கிற பயம் அப்படியேதான் இருந்தது. சொன்னால் சொல்லட்டும், அவள் கையும் கைதானே.

"சொல்லும்மா. முடிஞ்சிருச்சா? காலையில சாப்பிடாமப் போயிட்ட."

"மெஷின் மேல அளவு ஜாக்கெட் எதுக்கு வச்ச?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நானே முந்திக்கொண்டேன். 

"எதுக்கு ரஞ்சனி? என் கை படக்கூடாதுன்னா? சொல்லு, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"ஏம்மா இப்படிப் பேசுற?" அவள் குரல் உடைந்துவிட்டது. "நீதானம்மா என்னயத் தொடுறதே இல்ல. ரெண்டு வருஷமாச்சு. தல பின்னிவிடுன்னு வந்தா சீப்பக் கையில குடுத்துர்ற. பக்கத்துல வந்து படுத்தா பாயத் தள்ளிப் போட்டுக்கிற. தீவாளிக்கு அளவெடும்மான்னு வந்து நின்னேன், பழைய அளவே போதும்னு டேப்பச் சுருட்டி வச்சுட்ட. மறுபடி வந்து நின்னு, மறுபடி நீ மாட்டேன்னு சொல்லிட்டா? அதான் வச்சேன்."

ஒரு அடி தள்ளி நின்றாளே. நின்றாளா? அந்தத் தீபாவளியை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் அவள் தள்ளித்தான் நின்றாள். இப்போது நினைத்துப் பார்க்கிறேன், அவள் கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"வர்றேன். வந்து நானே எடுக்கிறேன். நிக்கிறியா?"

"நிக்கிறேம்மா." மூக்கை உறிஞ்சினாள். "எடுத்துத்தான் ஆகணும். அந்த அளவு ஜாக்கெட்டும் இப்ப எனக்கு லூசு. அப்பா போனதுலருந்து நான் ரொம்ப எளச்சுட்டேன். நீ பாக்கவே இல்லையா?"

கால் இஞ்ச் கூடினால் கண்டுபிடித்துவிடுகிற என் கண்.  சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பையில் போட்டேன், பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்கவில்லை, வாசலில் வந்த முதல் ஆட்டோவைக் கை நீட்டி நிறுத்தினேன்.